மூக்குத்தி போட்ட கேட்டும் மாடிப்படி விளக்கும்: லாஜிக் கேட்டுகள் சேர்ந்தால் விடை என்ன?

லாஜிக் கேட் என்பது கணினிச் சிப்புகளுக்குள் ஆம்-இல்லை கணக்குப் போடும் சின்ன மின்சுற்று. அந்தப் பெயரிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது 'தருக்க வாயில்'. இலங்கையில் 'தருக்கப் படலை'; யாழ்ப்பாணத்து வீட்டு வேலியில் இருக்கும் அதே படலைதான். எந்தப் பெயரில் சொன்னாலும், திறந்தால் ஏதோ உள்ளே போகும், மூடினால் போகாது என்ற படம்தான் மனதில் வருகிறது. ஒற்றைக் கேட் வரை அந்தப் படம் எப்படியோ தாக்குப்பிடிக்கும். நாலு கேட்டுகளைச் சேர்த்து வரைந்து "இதன் விடை என்ன?" என்றதும் உதவாமல் போய்விடும்.

அப்போது பலர் செய்வது கடைசிக் கேட்டைப் பார்த்து ஊகிப்பது. "கடைசியில் ஆர் கேட் இருக்கு, ஒரு பக்கம் 1 வர்ற மாதிரி இருக்கு, அப்போ 1." சில நேரம் அது சரியாகவும் வந்து தொலைக்கும். அதனாலேயே பழக்கம் விடுவதில்லை.

கதவை மறந்துவிடுங்கள். கேட் என்பது ஒரே ஒரு கேள்வி மட்டும் தெரிந்த ஆள். அவன் காதில் விழுவது 'உள்ளீடு', அவன் சொல்லும் பதில் 'வெளியீடு'. இரண்டுமே ஆம் அல்லது இல்லைதான். ஆம் என்பதை 1 என்றும், இல்லை என்பதை 0 என்றும் எழுதுகிறோம்.

உம், ஆவது, இல்லை

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல. "அண்ணனும் தம்பியும் வந்தால் கிளம்பலாம்" என்றால் இரண்டு பேரும் வந்தாக வேண்டும். அந்த 'உம்'தான் ஆண்ட் கேட். எல்லா உள்ளீடும் 1 ஆக இருந்தால் மட்டும் அது 1 தரும். சில மிக்ஸிகளில் ஜார் சரியாக உட்காராவிட்டால் குமிழைத் திருப்பினாலும் ஓடாதே, அதுவும் இதுதான்.

"அண்ணனாவது தம்பியாவது வந்தால் கிளம்பலாம்" என்றால் ஒருவர் வந்தால் போதும். இது ஆர் கேட். முன்வாசலில் ஒன்று, பின்வாசலில் ஒன்று என்று இரண்டு பட்டன் வைத்த காலிங் பெல்லைப் போல. கவனியுங்கள், இரண்டு பேருமே வந்து நின்றால் யாரும் பயணத்தை நிறுத்தப்போவதில்லை. ஆர் கேட்டுக்கு இரண்டும் 1 ஆக இருந்தாலும் விடை 1.

பலர் சறுக்குவது இங்கேதான், அதற்குக் காரணம் நம் பேச்சு. விருந்தாளியிடம் "காபியா டீயா?" என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும், "இரண்டும்" என்றால் வீட்டுக்காரர் முழிப்பார். இந்த 'ஒன்று மட்டும்' வகைக்குத் தனியாக ஒரு கேட் இருக்கிறது, பெயர் எக்ஸார். இரண்டு உள்ளீடும் வேறுவேறாக இருந்தால் 1, ஒரே மாதிரி இருந்தால் 0. மாடிப்படி விளக்கு இதற்கு நல்ல உதாரணம். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். இரண்டு சுவிட்சும் ஒரே பக்கம் இருந்தால் விளக்கு அணைந்திருக்கிற மாதிரி வயரிங் செய்துவிட்டால், அதுதான் எக்ஸார். இந்த விளக்கை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கடைசியாக நாட் கேட். ஒரே உள்ளீடு, அதைத் திருப்பிப் போடும்: 1 வந்தால் 0, 0 வந்தால் 1. பிரிட்ஜ் கதவு மூடும்போது ஒரு சின்ன பட்டனை அழுத்துகிறது, உள்ளே பல்பு அணைகிறது. அழுத்தினால் அணையும், விட்டால் எரியும்.

ஆக, ஆண்ட் கேட்டுக்கு எல்லாம் வேண்டும். ஆர் கேட்டுக்கு ஒன்றாவது வேண்டும். எக்ஸாருக்கு ஒன்று மட்டும் வேண்டும். நாட் எதிர்ப்பேச்சு பேசும்.

1 என்றால் கரண்ட், 0 என்றால் கரண்ட் இல்லை. அப்படியா?

இல்லை. கேட் பார்ப்பது மின்னழுத்தத்தை, அதாவது வோல்ட்டை. கல்லூரி லேப்களில் பல காலமாகப் புழங்கும் 7400 வரிசை சிப்புகளை எடுத்துக்கொள்வோம். அவை 5 வோல்ட்டில் வேலை செய்பவை. அந்த வரிசையின் பழைய வகையில், உள்ளே வருவது 0.8 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் கேட் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1. நடுவில் இருந்தால் என்ன சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கேட்டுகளைச் சங்கிலி போலக் கோக்க முடிவதன் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. அதே சிப் வெளியே விடும் 0, 0.4 வோல்ட்டைத் தாண்டாது. வெளியே விடும் 1, 2.4 வோல்ட்டுக்குக் குறையாது. கொஞ்சம் தேய்ந்துபோன 1 உள்ளே வந்தாலும் வெளியே போகும்போது தெளிவான ஒன்றாகவே போகும். காதோடு காதாகச் சொன்ன செய்தி பத்தாவது ஆளிடம் உருமாறிவிடும். கேட்டுகளில் அப்படி ஆகாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி அனுப்புகிறார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, வயர் இரண்டாகப் பிரிந்து இரண்டு கேட்டுகளுக்குப் போனால் 1 இரண்டு அரையாக ஆகிவிடாது. தண்ணீர்க் குழாயை மனதில் வைத்திருப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். இரண்டு கேட்டுக்கும் முழு 1 போகும். இரண்டு, எதனோடும் இணைக்காமல் தொங்க விட்ட உள்ளீடு 0 ஆகாது. இந்தப் பழைய வகைச் சிப்புகளில் அது பெரும்பாலும் 1 போலவே நடந்துகொள்ளும். லேப்பில் "சர்க்யூட் சரி, விடைதான் தப்பு" என்று மணிக்கணக்கில் தலையைச் சொறிய வைப்பது அநேகமாக இந்தத் தொங்கும் வயர்தான்.

மூக்குத்தி

படங்களில் சில கேட்டுகளின் நுனியில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும். நான் அதை மூக்குத்தி என்றுதான் சொல்வது. மூக்குத்தி இருந்தால், கேட் சொல்லும் பதிலைத் திருப்பிப் போட வேண்டும். ஆண்ட் கேட்டுக்கு மூக்குத்தி போட்டால் நாண்ட். ஆர் கேட்டுக்குப் போட்டால் நார். நாட், நாண்ட், நார் என்று மூன்றும் காதுக்கு ஒரே மாதிரி இருப்பது வேறு கொடுமை.

நாண்ட்: எல்லாம் 1 ஆக இருந்தால் மட்டும் 0, மற்றபடி எப்போதும் 1. நார்: எல்லாம் 0 ஆக இருந்தால் மட்டும் 1, மற்றபடி எப்போதும் 0.

இங்கே மொழி மறுபடியும் காலை வாரும். "அண்ணனும் தம்பியும் வரவில்லை" என்றால் ஒருவர்கூட வரவில்லை என்றுதான் புரிந்துகொள்கிறோம், அது நார். "இரண்டு பேரும் வந்துவிட்டார்கள் என்பது பொய்" என்றால் ஒருவர் வந்திருக்கலாம்; அது நாண்ட். இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்தப் பாடத்தில் மிக அதிகமாக நடக்கும் தப்பு. இரண்டு பேரும் வந்தது பொய் என்றால், அண்ணன் வரவில்லை அல்லது தம்பி வரவில்லை. 'இல்லை' உள்ளே நுழையும்போது 'உம்' போய் 'அல்லது' வந்துவிடுகிறது. இந்த விதிக்கு டி மார்கன் விதி என்று பெயர். கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன் 1806-ல் பிறந்தது நம் மதுரையில். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. குழந்தைக்கு ஏழு மாதமானபோது குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது, ஆகவே மதுரைக்காரர் என்று ரொம்பவும் உரிமை கொண்டாட முடியாது. ஆனாலும் விதி மறந்துபோகும்போது மதுரை ஞாபகம் வந்தால் நல்லதுதானே.

வயருக்குப் பெயர் வையுங்கள்

சரி, இப்போது சேர்த்துப் பார்ப்போம். வீட்டுத் தண்ணீர் மோட்டாரைத் தானாக ஓடவிட ஒரு சர்க்யூட். மூன்று உள்ளீடுகள்:

மே: மேல்தொட்டி நிரம்பியிருந்தால் 1.
கீ: கீழே சம்ப்பில் தண்ணீர் இருந்தால் 1.
ப: கட்டாயமாக ஓட்டும் பட்டனை அழுத்தினால் 1. மேல்தொட்டி மிதவை சிக்கிக்கொண்டு 'நிரம்பிவிட்டது' என்று பொய் சொல்லும் நாட்களுக்காக இது.

சர்க்யூட் இப்படி இருக்கிறது: 'மே' ஒரு நாட் கேட்டுக்குள் போகிறது. அதன் வெளியீடும் 'கீ'யும் ஓர் ஆண்ட் கேட்டுக்குள் போகின்றன. அதன் வெளியீடும் 'ப'வும் ஓர் ஆர் கேட்டுக்குள் போகின்றன. ஆர் கேட்டின் வெளியீடு ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் தட்டப்படும் சுவிட்ச், மூலம் மோட்டாரை ஓட்டுகிறது. (சிப்பை நேராக மோட்டாரில் கொடுத்தால் சிப் பிழைக்காது.)

இனி முறை. பருப்பு வேகாமல் சாம்பார் கூட்ட முடியாது. அதே மாதிரி, எல்லா உள்ளீடும் தெரியாமல் ஒரு கேட்டைத் தொடக் கூடாது. ஆரம்பத்தில் தெரிந்தவை மே, கீ, ப மூன்று மட்டுமே. ஆகவே இப்போது தொடக்கூடியது நாட் கேட் ஒன்றுதான். அதன் வெளியீட்டு வயருக்கு வ1 என்று பெயர் வைத்துப் படத்திலேயே எழுதுங்கள். வ1 தெரிந்ததும் ஆண்ட் கேட் தயாராகிறது. அதன் வயர் வ2. அப்புறம்தான் ஆர் கேட். அதன் வயர் 'மோ', அதாவது மோட்டார்.

மூன்று உள்ளீட்டுக்கு எத்தனை விதமான நிலைகள்? ஒவ்வொன்றும் இரண்டு விதம், ஆகவே 2 × 2 × 2 = 8. எல்லா நிலைகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதிய அட்டவணையை மெய்ப்பட்டியல் என்பார்கள். வரிசையாக நிரப்பாமல் நெடுக்காக நிரப்புங்கள்: முதலில் வ1 முழுவதும், பிறகு வ2 முழுவதும், கடைசியில் மோ. ஒரு நேரத்தில் ஒரே கேட்டைத்தான் யோசிக்கிறோம், மூளைக்குச் சுமை இல்லை.

| மே | கீ | ப | வ1 | வ2 | மோ |
|---|---|---|---|---|---|
| 0 | 0 | 0 | 1 | 0 | 0 |
| 0 | 0 | 1 | 1 | 0 | 1 |
| 0 | 1 | 0 | 1 | 1 | 1 |
| 0 | 1 | 1 | 1 | 1 | 1 |
| 1 | 0 | 0 | 0 | 0 | 0 |
| 1 | 0 | 1 | 0 | 0 | 1 |
| 1 | 1 | 0 | 0 | 0 | 0 |
| 1 | 1 | 1 | 0 | 0 | 1 |

இரண்டாவது வரியையும் ஆறாவது வரியையும் பாருங்கள். சம்ப்பில் தண்ணீர் இல்லை, ஆனாலும் பட்டனை அழுத்தியதால் மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் காயில் கருகி வைண்டிங் கடைக்குத்தான் போகும். படத்தைப் பார்த்தபோது எல்லாம் நியாயமாகத் தெரிந்தது, பட்டியல்தான் காட்டிக்கொடுத்தது.

அதே மூன்று கேட், வேறு வரிசை

இதைச் சரிசெய்ய புதிய கேட் எதுவும் வாங்க வேண்டாம். நாட் கேட் அப்படியே இருக்கட்டும். வ1-ஐயும் ப-வையும் முதலில் ஆர் கேட்டுக்குள் விடுங்கள். அதன் வயர்தான் இனி வ2. பிறகு வ2-ஐயும் கீ-யையும் ஆண்ட் கேட்டுக்குள் விடுங்கள்.

இந்த முறை முழுப் பட்டியலும் போடத் தேவையில்லை, ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆண்ட் கேட்டுக்கு ஒரு 0 போதும். மற்ற உள்ளீடு எதுவானாலும் விடை 0. ஆர் கேட்டுக்கு ஒரு 1 போதும். மற்றது எதுவானாலும் விடை 1. நம் கடைசிக் கேட் ஆண்ட், அதில் நேராகக் கீ நுழைகிறது. ஆகவே கீ 0 ஆக இருக்கும் நான்கு வரிகளிலும் மோ 0. மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

மிச்சம் கீ 1 ஆக இருக்கும் நான்கு வரிகள். அங்கே மோ என்பது வ2 என்னவோ அதுவேதான்.

| மே | ப | வ1 | வ2 | மோ |
|---|---|---|---|---|
| 0 | 0 | 1 | 1 | 1 |
| 0 | 1 | 1 | 1 | 1 |
| 1 | 0 | 0 | 0 | 0 |
| 1 | 1 | 0 | 1 | 1 |

எட்டில் மூன்று நிலைகளில் மட்டும் மோட்டார் ஓடுகிறது, மூன்றிலும் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது. முதல் சர்க்யூட்டில் ஐந்து நிலைகளில் ஓடியது. ஒரே மூன்று கேட்டுகள், இணைப்பை மாற்றியதும் குணமே மாறிவிட்டது. எழுதும்போது அடைப்புக்குறி இடம் மாறினால் என்ன ஆகுமோ அதுதான் இது: '(மே இல்லை, கீ உண்டு) அல்லது ப' என்பது வேறு, '(மே இல்லை அல்லது ப) அதோடு கீ உண்டு' என்பது வேறு. சூத்திரமாக எழுதும்போது ஆர் கேட்டுக்குக் கூட்டல் குறியும் ஆண்ட் கேட்டுக்குப் பெருக்கல் புள்ளியும் போடுவார்கள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் ஆண்ட் கேட்டை முதலில் செய்ய வேண்டும். அந்தக் கூட்டல் குறியைப் பார்த்து 1 + 1 = 2 என்று எழுதிவிடாதீர்கள். இங்கே 1 + 1 = 1. 'ஆவது' என்று வாசித்தால் பிரச்சினை இல்லை.

இதுவரை வந்த வழி இவ்வளவுதான்: உள்ளீடு எல்லாம் தெரிந்த கேட்டைத் தேடு, அதன் வயருக்குப் பெயர் வை, மதிப்பை எழுது, அடுத்த கேட்டுக்குப் போ.

சறுக்கும் இடங்கள் சில

படத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால்தான் இணைப்பு. புள்ளி இல்லாவிட்டால் ஒரு வயர் மற்றதைத் தாண்டிப் போகிறது, அவ்வளவே.

மூன்று உள்ளீட்டு ஆண்ட் வேண்டுமானால் இரண்டு ஆண்ட் கேட்டுகளை அடுத்தடுத்து வைக்கலாம். ஆர் கேட்டும் அப்படியே. நாண்டை அப்படி வைக்க முடியாது! 0, 0, 1 என்ற மூன்றையும் ஒரே மூன்று உள்ளீட்டு நாண்டில் விட்டால் விடை 1. அதையே இரண்டு நாண்டாகச் செய்து பாருங்கள்: 0, 0 முதல் நாண்டில் 1 தரும், அந்த 1-உம் மிச்சமுள்ள 1-உம் அடுத்த நாண்டில் 0 தரும். இடையில் இருக்கும் மூக்குத்தி செய்யும் வேலை.

ஒரு கேட்டின் வெளியீடு சுற்றிவந்து தனக்கு முன்னால் இருக்கும் கேட்டுக்குள்ளேயே நுழைந்தால், நாம் பார்த்த முறை செல்லாது. 'எல்லா உள்ளீடும் தெரிந்த கேட்' என்று ஒன்றை அங்கே கண்டுபிடிக்கவே முடியாமல் போகலாம். நினைவகம் பிறப்பது அந்தச் சுற்றில்தான், அது தனிப் பாடம்.

ஒரே வகைக் கேட் போதுமா?

0, 1 வைத்துச் செய்யும் இந்தக் கணக்கை வகுத்தவர் ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர். 1847-லும் 1854-லும் அவர் எழுதிய நூல்கள் மனிதர்கள் வாதம் செய்யும் விதத்தைப் பற்றியவை, மின்சாரத்தைப் பற்றியவை அல்ல. அதையே சுவிட்சுகளுக்கும் ரிலேக்களுக்கும் பொருத்தலாம் என்று கிளாட் ஷானன் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டியது 1937-ல். தொடராக இணைத்த இரண்டு சுவிட்சுகள் ஆண்ட். பக்கம் பக்கமாக இணைத்தவை ஆர். இன்றைய சிப்பில் சுவிட்சின் இடத்தில் டிரான்சிஸ்டர், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வேடிக்கை: இன்று பரவலாக உள்ள சிமாஸ் வகைச் சிப்பில் இரண்டு உள்ளீட்டு நாண்ட் செய்ய 4 டிரான்சிஸ்டர் போதும், ஆண்ட் செய்ய 6 வேண்டும். அங்கே இயல்பாக வருவது நாண்டுதான். ஆண்ட் என்பது நாண்டுக்குப் பின்னால் ஒரு நாட் கேட்டை ஒட்டியது.

நாண்டை மட்டும் வைத்து மற்ற எல்லாக் கேட்டுகளையும் கட்டிவிடலாம். நார் கேட்டை மட்டும் வைத்தும் முடியும். நிலவுக்கு மனிதர்களைக் கொண்டுபோன அப்பல்லோ விண்கலங்களின் வழிகாட்டிக் கணினியில் லாஜிக் முழுக்க மூன்று உள்ளீட்டு நார் கேட்டுகள்தான், சிப்புக்கு இரண்டாகச் சுமார் 5,600.

நாண்டுக்கு நாமே ஒன்றைச் செய்து பார்ப்போம். 7400 என்ற எண்ணுள்ள சிப்பை எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டு வாங்கலாம். 14 கால்கள். 14-ஆம் காலுக்கு 5 வோல்ட், 7-ஆம் காலுக்குக் கிரவுண்ட். மீதி 12 கால்களில் இரண்டு உள்ளீட்டு நாண்டுகள் நான்கு. அந்த நான்கையும் இப்படி இணையுங்கள்:

அ, ஆ இரண்டும் முதல் நாண்டுக்குள் போகட்டும், வெளியே வருவது வ1.
அ-வும் வ1-உம் இரண்டாவது நாண்டுக்குள், வெளியே வ2.
ஆ-வும் வ1-உம் மூன்றாவது நாண்டுக்குள், வெளியே வ3.
வ2, வ3 இரண்டும் நான்காவது நாண்டுக்குள். அதன் வெளியீட்டில், கிரவுண்டுக்குப் போகும் வழியில் ஒரு ரெசிஸ்டரும் எல்இடியும்.

படத்தை வரைந்து உற்றுப் பார்த்தால் இது என்ன செய்யும் என்று எனக்கும் சொல்லத் தெரியாது. வயர் வயராகப் போனால் ஒரு நிமிட வேலை.

| அ | ஆ | வ1 | வ2 | வ3 | எல்இடி |
|---|---|---|---|---|---|
| 0 | 0 | 1 | 1 | 1 | 0 |
| 0 | 1 | 1 | 1 | 0 | 1 |
| 1 | 0 | 1 | 0 | 1 | 1 |
| 1 | 1 | 0 | 1 | 1 | 0 |

கடைசி நெடுக்கு வரிசையை மேலிருந்து கீழே வாசியுங்கள்: 0, 1, 1, 0. வேறுவேறாக இருந்தால் எரிகிறது, ஒரே மாதிரி இருந்தால் அணைகிறது. நம் மாடிப்படி விளக்கு.